தொண்ணூற்றைவர் பயின்ற சாலை

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், தென்னையும் வாழையும் செறிந்த தோட்டங்களுக்கு இடையே அமைந்த ஊர் திருவட்டாறு. கோதையாறும் பறளியாறும் அவ்வூரை வளைத்து ஓடி, அருகிலுள்ள மூவாற்றுமுகத்தில் ஒன்று கூடுகின்றன. ஆறு வட்டமிட்டு ஓடுவதால் வட்டாறு என்னும் பெயர் ஊருக்கு வாய்த்தது. அங்குப் பள்ளிகொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாளை நம்மாழ்வார் பாடியிருக்கின்றார்.

காலை வேளையில் அவ்வூர்த் தெருக்களில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிறுவர்கள் பள்ளிக்குச் செல்வதைக் காணலாம். உழவர் மகனும் வணிகர் மகனும் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனும் ஒரே வாயில் வழியாக உள்ளே நுழைகின்றனர். ஒரே பலகையில் அமர்கின்றனர். நண்பகலில் ஒரே பந்தியில் உண்கின்றனர். ‘உன் தந்தை யார்? உன் குலம் யாது?’ என்று கேட்டு வாயிலில் எவரும் எவரையும் தடுப்பதில்லை. ஆறு பள்ளத்தை நோக்கிப் பாய்வதைப் போல இதுவும் இயல்பான ஒன்றாகவே தோன்றுகிறது. ஆனால் இவ்வியல்பு எளிதில் கிடைத்ததன்று. இந்நிலத்தில் பள்ளி தோன்றி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே கிடைத்தது.

அப்பழைய பள்ளி இருந்த இடத்திற்கு அந்த ஆறே வழிகாட்டும். மூவாற்றுமுகத்தில் கூடிய வெள்ளம் குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டணத்திற்கு அருகே கடலில் கலக்கின்றது. கடலை அடையுமுன் அது செல்லும் நிலப்பகுதியில் முஞ்சிறை என்னும் பழைய ஊர் உள்ளது. அதற்கு அருகில் இருப்பது பார்த்திவபுரம். இன்று அமைதியான சிற்றூராகக் காட்சியளிக்கும் அவ்விடத்தில், கி. பி. 866ஆம் ஆண்டில் 95 மாணவர்கள் தங்கிப் பயில்வதற்கென்று ஒரு சாலை நிறுவப்பட்டது.

சாலையின் தோற்றம்

சாலை என்னும் சொல் இக்காலத்தில் பெருவழியைக் குறிக்கின்றது. முற்காலத்தில் அது பலர் கூடும் கூடத்தையும் மண்டபத்தையும் குறித்தது. அறச்சாலை, அட்டிற்சாலை, பாடசாலை என்னும் தொடர்களில் அப்பொருள் இன்றும் நிலைத்திருக்கின்றது. மாணவர்க்கு உறையுளும் உணவும் அளித்துக் கல்வியும் புகட்டிய நிலையத்தைத் தென்னாட்டார் சாலை என்றே வழங்கினர்.

பார்த்திவபுரத்துச் சாலையை நிறுவியவன் ஆய் மரபைச் சேர்ந்த கோக்கருநந்தடக்கன் என்னும் மன்னன். ஆய் மன்னர் பொதியமலையைச் சார்ந்த பழங்குடி வேளிர் வழியினர். சங்க காலத்தில் ஆய் அண்டிரன் என்னும் வள்ளல் அம்மரபில் விளங்கினான். ஒன்பதாம் நூற்றாண்டில் அவர்களுடைய நாடு பாண்டியர்க்கும் சேரர்க்கும் இடையே, விழிஞத்தைத் துறைமுகமாகக் கொண்டு விளங்கியது. பெரும்படை கொண்ட இருவேறு அரசுகளுக்கு நடுவே இருந்த சிறிய நாடு அது. அத்தகைய நாட்டிற்கு வீரர் மட்டும் போதார். நூலறிவும் உலக வழக்கும் அறிந்தோரும் வேண்டும். சாலையின் தோற்றத்தை இப்பின்னணியில் வைத்தே உணர்தல் வேண்டும்.

இச்செய்திகளைத் தெரிவிப்பவை செப்பேடுகள். அவை திருவனந்தபுரத்தில் உசூர்க் கச்சேரி எனப்பட்ட அரசின் தலைமை அலுவலகத்தில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறையை நடத்திய கோபிநாத ராவ் அவற்றைப் படித்து வெளியிட்டார். கலியுகம் தொடங்கி 14,49,087ஆம் நாள் என்று செப்பேடு தன் காலத்தைக் குறிக்கின்றது. நாள் கணக்கைக் கொண்டு ஆராய்ந்த அறிஞர்கள் அது கி. பி. 866ஆம் ஆண்டு எனக் கண்டனர். அது அம்மன்னனின் ஒன்பதாம் ஆட்சியாண்டாகும்.

சாலை அமைப்பதற்கு மன்னன் தேர்ந்த நிலம் முஞ்சிறை ஊர்ச் சபையாருக்கு உரியது. வாளேந்திய மன்னன் விரும்பியிருந்தால் அதனை ஆணையிட்டே எடுத்துக்கொண்டிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. சபையாருக்கு வேறு நிலத்தை ஈடாகக் கொடுத்து, அந்நிலத்தை முறைப்படி பெற்றான். அதில் திருமாலுக்கு ஒரு கோயில் எடுப்பித்தான். ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். கோயிலைச் சார்ந்து சாலையை ஏற்படுத்தினான். கோயில் வழிபாட்டிற்கும் மாணவர் உணவிற்கும் உரிய வருவாய்க்காக நிலங்களை ஒதுக்கி, அவற்றின் எல்லைகளையும் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். அறம் செய்வதற்கும் நேர்மையான வழி வேண்டும் என்னும் கொள்கை இதனால் புலப்படுகின்றது.

இடமும் தகுதியும்

சாலையில் பயின்ற மாணவர் சட்டர் எனப்பட்டனர். மொத்த இடங்கள் 95. அவற்றுள் 45 இடங்கள் பவிழிய சரணத்தார்க்கும், 36 இடங்கள் தைத்திரீய சரணத்தார்க்கும், 14 இடங்கள் தலவகார சரணத்தார்க்கும் வகுக்கப்பட்டன. சரணம் என்பது வேதத்தின் ஒரு கிளையை வழிவழியாக ஓதிவந்த குழு. இம்மூன்றும் முறையே இருக்கு, யசுர், சாமம் என்னும் வேதங்களைச் சார்ந்தவை.

இடம் உண்டு என்பதனால் மட்டும் ஒருவன் சேர்ந்துவிட முடியாது. சேர விரும்புவோன் மூன்று துறைகளில் அறிவுடையவனாய் இருத்தல் வேண்டும் என்று செப்பேடு விதிக்கின்றது. வியாகரணம் என்னும் இலக்கணம் முதலாவது. சடங்குகளை நடத்தும் புரோகித முறை இரண்டாவது. மூன்றாவது ‘திரைராச்சிய வியவகாரம்’; அதாவது மூன்று அரசுகளின் நடைமுறை. சேர, சோழ, பாண்டிய நாடுகளின் ஆட்சிமுறையும் வழக்குகளும் இதில் அடங்கும் என்பர் அறிஞர்.

இம்மூன்றாம் தகுதி பெரிதும் கருதத்தக்கது. வேதம் ஓதும் மாணவனுக்கு அயல்நாட்டு ஆட்சிமுறை எதற்கு என்று வினவலாம். அண்டை நாட்டு ஓலையைப் படித்து உணரவும், அதற்கு ஏற்ற மறுமொழி எழுதவும், நில வழக்கைத் தீர்க்கவும் வல்லவர்களே அக்காலத்தில் அரசனுக்குத் துணையாயினர். ஆகவே அச்சாலை, கோயில் பணிக்கு உரியவரை மட்டுமன்றி நாட்டுப் பணிக்கு உரியவரையும் கருத்தில் கொண்டிருந்தது எனலாம்.

சாலை வாழ்க்கை

சட்டர் சாலையைச் சார்ந்த மடங்களில் தங்கினர். உணவிற்கு அவர்கள் பொருள் கொடுக்க வேண்டியதில்லை. சாலை நிலங்களில் விளைந்த நெல்லே அவர்களுக்கு உணவாயிற்று. கோயில் வழிபாடும் வேதம் ஓதுதலும் நூல் பயிற்சியும் அவர்களுடைய நாளை நிரப்பின. வேதம் ஏட்டில் எழுதிப் படிக்கப்பட்டதன்று. ஆசிரியர் ஒருமுறை ஓத, மாணவர் இருமுறை ஓதுவது வழக்கம். ஒலி பிறழாமலும் மாத்திரை குறையாமலும் ஒவ்வொரு சொல்லையும் ஓதிப் பழகுதற்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

இளைஞர் பலர் ஒன்றாக வாழும் இடத்தில் பூசல் எழுவது இயல்பு. சாலையை அமைத்தோர் இதனை மறக்கவில்லை. ஒருவன் மற்றொருவனை இழிசொல் கூறினாலோ அடித்தாலோ தண்டம் செலுத்த வேண்டும் என்று விதித்தனர். கூட்டம் கூடும் இடத்திற்குப் படைக்கருவியுடன் வரலாகாது என்றும், மடங்களில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது என்றும் தடை செய்தனர். மாணவரிடம் படைக்கருவி இல்லையேல் இத்தகைய தடை எதற்கு? ஆதலின் சாலைகளில் படைக்கலப் பயிற்சியும் இருந்திருத்தல் கூடும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.

இவ்விதிகளை மன்னன் புதிதாக ஆக்கவில்லை. காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றியே பார்த்திவசேகரபுரத்துச் சாலை நடைபெற வேண்டும் என்று செப்பேடு கூறுகின்றது. காந்தளூர் இன்றைய திருவனந்தபுரத்தைச் சேர்ந்த வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பர். முதலாம் இராசராச சோழன் தன் வெற்றிகளைக் கூறும் கல்வெட்டுகளில் காந்தளூர்ச் சாலையையும் சேர்த்துக் கூறுகின்றான். ஒரு பேரரசனின் கல்வெட்டில் இடம்பெறும் அளவிற்கு அச்சாலை சிறப்புற்று இருந்தது. கன்னியாகுமரியிலும் சீவல்லபப் பெருஞ்சாலை என்னும் சாலை இருந்தது.

சோழ நாட்டிலும் இத்தகைய கல்வி நிலையங்கள் இருந்தன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர் பயின்றனர். அவர்களுள் இளைய மாணவர் 270 பேருக்கு நாள்தோறும் தலைக்கு ஆறு நாழி நெல் அளக்கப்பட்டது. முதுமாணவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி நெல் அளக்கப்பட்டது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

அடைத்த கதவு

நேர்மையாகப் பெற்ற நிலம், குறைவற்ற உணவு, தெளிவான விதி, நாட்டு நடப்பை உணர்த்தும் கல்வி ஆகிய நான்கும் பார்த்திவபுரத்துச் சாலையின் சிறப்புகள். இவற்றை எண்ணிப் பெருமை கொள்வது தகும். எனினும் பெருமையோடு நின்றுவிடுதல் வரலாற்றிற்கு உண்மையாய் இருத்தல் ஆகாது. அந்த 95 இடங்களும் வேதம் ஓதும் உரிமை பெற்ற குடும்பங்களின் ஆண்மக்களுக்கே உரியவை. சாலை நிலத்தை உழுதவன் நெல்லை விளைவித்தான். அந்நெல்லை உண்ட சட்டர் கல்வி பெற்றனர். உழுதவனின் மகன் சாலைக்குள் புக இயலவில்லை. பெண்மக்களுக்கும் அங்கே இடமில்லை. சாலை சிறந்ததாய் இருந்தது. அதன் கதவோ மிகக் குறுகியதாய் இருந்தது.

திண்ணைப் பள்ளி

சாலைகள் மறைந்த பின்னரும் நாட்டில் கல்வி மறையவில்லை. ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் நடைபெற்றன. தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் இவற்றின் ஆசிரியரை ஆசான் என்று அழைத்தனர். ஆசானின் வீட்டுத் திண்ணையோ மரநிழலோ கோயில் மண்டபமோ பள்ளியாக அமையும். பொழுது புலருமுன் மாணவர் அங்கே வந்து சேர வேண்டும். முதலில் வருபவனுக்குச் சிறப்பு உண்டு; பின்னால் வருபவர்க்கு வந்த வரிசைப்படி கையில் அடி கூடிக்கொண்டே போகும்.

புதிய மாணவன் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவான். கை திருந்திய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வரும். எழுதிய ஓலையில் மை தடவி எழுத்தை விளக்கமுறச் செய்வர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களை மனப்பாடம் செய்வர். எண்சுவடியில் வாய்பாடு மட்டுமன்றிப் பின்ன எண்களும் இருந்தன. மா என்பது இருபதில் ஒரு பங்கு; காணி என்பது எண்பதில் ஒரு பங்கு; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. நெல்லை மரக்காலாலும் நாழியாலும் அளந்து வாழ்ந்த நாஞ்சில் நாட்டில் இக்கணக்கு நாள்தோறும் பயன்பட்டது.

மாலையில் பள்ளி கலையும்போது ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஆசான் சொல்லி அனுப்புவார். மறுநாட்காலையில் அதனை மறவாமல் சொல்ல வேண்டும். அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை நாட்கள். வகுப்பில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான்.

இச்சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. 1789ஆம் ஆண்டு முதல் அதனை நடத்தியவர் ஆண்டுரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார். நாட்டுப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் விரிவாகச் செய்தார். 1797ஆம் ஆண்டில் இதனை ஒரு நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர் பள்ளிகளில் பரவியது. தமிழ்நாட்டுத் திண்ணையில் வளர்ந்த ஒரு வழக்கம் அயல்நாட்டு ஏழைகளுக்கும் எழுத்தறிவித்தது.

ஆயினும் திண்ணையும் எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. சாலையைவிட அதன் கதவு அகன்றது. ஆனால் தீண்டாமை என்னும் தாழ் அதிலும் தொங்கியது.

தாழ் திறந்த வரலாறு

அத்தாழை அசைக்கும் முயற்சிகளுள் ஒன்று மயிலாடியில் தொடங்கியது. அவ்வூரில் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த வேதமாணிக்கம் என்பவர் தஞ்சை சென்று, தம் மக்களுக்குச் சமயமும் கல்வியும் போதிக்க ஒருவர் வர வேண்டும் என்று வேண்டினார். 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்னும் செருமானிய நாட்டுப் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். 1809ஆம் ஆண்டில் அங்கு ஒரு தேவாலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. எளிய வாழ்க்கை வாழ்ந்த அவர் 1816ஆம் ஆண்டில் அங்கிருந்து விடைபெற்றார். அவருடைய முடிவு எங்கே நேர்ந்தது என்பதை உலகம் அறியவில்லை. அவர் விதைத்த விதையோ அழியவில்லை. 1818ஆம் ஆண்டில் வந்த மீட் பாதிரியார் பணியிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கே வளர்ந்த கல்விக்கூடம் 1893ஆம் ஆண்டில் கல்லூரியாக உயர்ந்து, இன்று ஸ்காட் கிறித்தவக் கல்லூரி என விளங்குகின்றது. மால்ட் பாதிரியாரின் துணைவியார் மார்த்தா, பெண்மக்களுக்கும் நாகர்கோவிலில் பள்ளி நடத்தினார்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1817ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்றல் வேண்டும் என்று ஆணையிட்டார். 1834ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினார். எனினும் ஆணை ஓலையில் இருந்தது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளின் வெளியே நின்றனர்.

அப்பிள்ளைகளுக்காகப் போராடியவர் அய்யன்காளி. அவர் பள்ளியிற் பயிலும் வாய்ப்பைப் பெறாதவர். தம் மக்கள் அனைவரும் பயில வேண்டும் என்று உறுதி பூண்டார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர் அவர் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தனர். கூலியின்றிப் பட்டினி கிடந்தும் அவர்கள் பணியவில்லை. 1910ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு எல்லாக் குலத்துப் பிள்ளைகளையும் பள்ளிகளில் சேர்க்குமாறு ஆணை பிறப்பித்தது. அப்போதும் எதிர்ப்பு அடங்கவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே ஊருட்டம்பலம் என்னும் ஊரில் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி பள்ளியில் சேர்க்க முயன்றபோது, பகைத்தவர் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். எரிந்தது கட்டடம், எரியாமல் நின்றது உரிமை.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளியாயிற்று. அரசின் ஆளுகைக்கு உட்பட்ட கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. திருவட்டாற்றுக் கோயிலும் அவற்றுள் ஒன்று.

பந்தியின் பெருமை

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன; குமரி மாவட்டம் பிறந்தது. அதே காலத்தில் முதலமைச்சர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982ஆம் ஆண்டில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் அளிக்கும் திட்டம் தொடங்கியது.

இங்கே பார்த்திவபுரத்துச் சாலையை மீண்டும் நினைத்தல் வேண்டும். மாணவனுக்கு எழுத்தோடு சோறும் அளித்தல் வேண்டும் என்று கருநந்தடக்கன் எண்ணினான். அதற்கென்று நிலம் ஒதுக்கினான். அவ்வெண்ணம் அழியவில்லை. அன்று 95 பேருக்கு இட்ட பந்தி, இன்று நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் இடும் பந்தியாக விரிந்திருக்கின்றது. அன்று மன்னன் ஒருவன் ஒதுக்கிய நிலத்தின் விளைவு உணவாயிற்று. இன்று குடிமக்கள் அனைவரும் செலுத்தும் வரி உணவாகின்றது. ஆகவே இன்றைய பந்தியில் அமரும் மாணவன் எவருடைய கொடையையும் உண்ணவில்லை. தனக்குரிய பங்கையே உண்கின்றான்.

பள்ளியின் பெருமையை அதன் கட்டடத்தின் உயரத்தால் அளத்தல் இயலாது. அதன் பழமையால் மட்டும் அளத்தலும் இயலாது. எத்தகைய கல்வியை அது அளிக்கின்றது, எத்தனை பேருக்கு அதன் கதவு திறந்திருக்கின்றது என்னும் இரண்டும் சேர்ந்தே அதன் அளவுகோல் ஆகும். முதற்கோலில் பழைய சாலை உயர்ந்து நின்றது. இரண்டாம் கோலில் தாழ்ந்து போயிற்று. இன்றைய பள்ளியின் கதவு அகலத் திறந்திருக்கின்றது. அதனுள் நுழைந்தபின் மூன்று நாட்டு வழக்கையும் அறிந்த சட்டரைப் போல ஊன்றிக் கற்றல், திறந்த கதவின் வழியே வந்த ஒவ்வொரு மாணவனின் கடமையாகும்.

திருவட்டாற்றை வளைத்து ஓடும் ஆறு அன்றும் ஓடியது, இன்றும் ஓடுகின்றது. அதன் கரையில் காலை மணி ஒலிக்கும்போது பள்ளியை நோக்கி விரையும் சிறுவர் கூட்டத்தில், அன்று சாலை நிலத்தை உழுதவனின் வழியில் வந்த பிள்ளையும் ஒருவன்.